பாட்டு முடியும்வரை இறங்க முடியாது

கொழும்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாட்டுப் போட்ட த்ரீவீலர்காரர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். பாட்டைப் போட்டுவிட்டு, அதற்குத் துணையாக ஆட்களை ஏற்றியவர், மெகாமிக்ஸ் என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருவர்தான். அவரைப் பொறுத்தவரை பயணிகள் பாட்டுக் கேட்பதற்காகவே பிறந்தவர்கள். போகவேண்டிய இடம் என்று அவர்களுக்கு ஒன்று இருந்தால், அது அவர்களுடைய சொந்தப் பிரச்சினை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, புதுக்கடையில் ஒரு லோயரிடம் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். பஸ்ஸில் ஏறினால் முன் சீற்றுக்குக் கீழே கிடக்கும் பார்சல் யாருடையது, உள்ளே குண்டா என்று யோசித்துக்கொண்டே போகவேண்டிய காலம். ஆகவே நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து, தினமும் காலையில் ஒரு த்ரீவீலரில் போவது என்று முடிவு செய்தோம். ஒருத்தி நான். இரண்டாவது, ஒரு கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்த ஜோசபின் அக்கா. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். எந்த வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பதுவரை அவருக்குத் தெரியும். மூன்றாவது, ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து இங்கே படிப்பித்துக்கொண்டிருந்த திலகம் டீச்சர். சத்தம் போடுகிற வகுப்பை ஒரே பார்வையில் அடக்கிவிடுவார்.

வண்டியை ஏற்பாடு செய்தவர் ஜோசபின் அக்கா. "தங்கமான மனுசன். கொஞ்சம் பாட்டுப் போடுவாரு, அவ்வளவுதான்" என்றார். கடலில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும் என்று சொல்வது மாதிரி.

முதல் நாள் காலை மெகாமிக்ஸ் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மழைக்கும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி, பின்னால் தோள்வரை இறங்கிய முடி, வெள்ளை வெளேரென்ற சப்பாத்து. இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். த்ரீவீலருக்குள் எட்டிப் பார்த்தால், நாங்கள் சாயவேண்டிய இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மரப்பெட்டி. தேயிலைப் பெட்டிப் பலகையில் அவரே அடித்துச் செய்த ஸ்பீக்கர். அதிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக வயர்கள் கிளம்பி, கூரை வழியாக ஓடி, ஹாண்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கசெட் பிளேயரில் போய் முடிந்தன.

"ஏறுங்க மிஸ்மார். சாயாம இருக்காதீங்க. சாஞ்சாத்தான் பேஸ் வரும்" என்றார்.

பேஸ் என்ற அந்த 'டும் டும்' வந்தது. காதுக்கு வருவதற்கு முன்னால் முதுகெலும்புக்கு வந்தது. ஜம்பட்டா வீதி திரும்புவதற்குள் ஜோசபின் அக்காவின் கொண்டை ஊசிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. என்னுடைய மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலில் தனித்தனியாக வைத்துக் கட்டிய பருப்பும் சம்பலும் ஒரே கறியாகிவிட்டன. திலகம் டீச்சர் தன்னுடைய புகழ்பெற்ற பார்வையை அவருடைய பிடரியில் பதித்துப் பார்த்தார். பிடரி தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

புதுக்கடையில் கோர்ட் வாசல் வந்தது. நான் இறங்கத் தயாரானேன். வண்டி நிற்கவில்லை. வாசலைத் தாண்டிப் போய், அடுத்த சந்தியில் திரும்பியது.

"அண்ணை, என்ரை இடம் போகுது!"

"தெரியும் மிஸ். இன்னும் ரெண்டு கோரஸ் இருக்கு."

"எனக்கு நேரமாகுது!"

"பாட்டு நடுவுல எறங்குறது நல்லதில்ல மிஸ். அவங்க எவ்வளவு கஸ்டப்பட்டுப் பாடியிருக்காங்க."

கோர்ட்டை முழுதாக ஒரு தரம் சுற்றிவந்து, கடைசி 'டும்' அடங்கும் நேரத்தில், வாசலில் கச்சிதமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். பிரேக் பிடித்ததும் பாட்டு முடிந்ததும் ஒரே கணம். முகத்தில் அப்படியொரு திருப்தி.

ஏன் பிந்தினாய் என்று லோயர் கேட்டார். உண்மையைச் சொன்னேன். முப்பது வருசம் பொய்ச் சாட்சிகளைக் கேட்டுப் பழகிய மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

பிறகுதான் ஊரில் விசாரித்தேன். சாகக் கிடந்த ஒருவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க, பங்குச் சுவாமியார் அவசரத்தில் இவருடைய வண்டியில் ஏறினாராம். இரண்டு பாட்டு முடிந்து சுவாமியார் போய்ச் சேர்ந்தபோது, நோயாளி எழுந்து உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாராம். அதைத் தன்னுடைய சேவையின் மகிமை என்றே மெகாமிக்ஸ் கடைசிவரை சொல்லிவந்தார்.

அவர் எல்லாப் பாட்டும் போடுகிற மனிதர் அல்ல. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றுமூன்று. இந்த மூன்று வருசங்களில் ஐரோப்பாவிலிருந்து வந்த டான்ஸ் அல்பங்கள் மட்டும்தான். கப்பல்களில் வேலை செய்த கூட்டாளிகள் கொண்டுவந்து கொடுத்த கசெட்டுகள். அவற்றைப் பிஸ்கட் டின்னில், பழைய பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். தொண்ணூற்றுநாலுக்குப் பிறகு உலகத்தில் இசை என்று ஒன்று உண்டாகவில்லை என்பது அவருடைய உறுதியான கருத்து.

"அது ஒரு காலம் மிஸ்" என்று பெருமூச்சு விடுவார்.

நாங்கள் இருந்தது தொண்ணூற்றாறில். நாலு வருசத்துக்கு முந்தியதை, வெள்ளைக்காரன் காலத்துக் கதையைப் போலச் சொல்லுவார். "அப்ப கீபோர்ட் எண்டா கீபோர்ட். இப்ப எல்லாம் என்னத்த அடிக்கிறானுகள்?"

அந்தப் பாட்டுகளில் ஒரு பெண் ஓங்கிக் குரலெடுப்பாள். நடுவில் ஒருவன் மூச்சுவிடாமல் பேசுவான். ஒரு நாள் திலகம் டீச்சர் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

"ஏங்க, இந்தாளு என்னா சொல்றான்னு உங்களுக்கு ஒரு வார்த்தையாவது வெளங்குதா?"

"வெளங்காம என்ன டீச்சர்? அந்தப் பொம்பள கேக்குறா, ஏன் என்னைய விட்டுட்டுப் போனே எண்டு. இவன் கெட்ட வேகத்துல ஏதோ சமாதானம் சொல்றான். அவளுக்கு ஒண்டும் வெளங்கல்ல. திரும்பவும் அதையே கேக்குறா. எல்லா வீட்லயும் அப்பிடித்தானே?"

டீச்சர் அன்றிலிருந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். பேஸுக்குக் காது தேவையில்லை என்பதால் பலன் இருக்கவில்லை.

இவ்வளவு துன்பத்துக்கும் ஏன் வேறு வண்டி பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. செக் பொயின்ட்டில் மற்றவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் இறக்கி, பொலிஸ் பதிவுத் துண்டைக் கேட்டு, மண்மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அரை மணித்தியாலம் நிறுத்துவார்கள். வேறு த்ரீவீலர்காரர்கள் அந்த இடத்துக்கு நூறு யார் தூரம் முன்னாலேயே, "இஞ்சயே எறங்குங்க, நமக்கு ஏன் கரச்சல்" என்று கழன்றுவிடுவார்கள். மெகாமிக்ஸ் ஒரு நாளும் போகவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, வண்டியிலிருந்து இறங்கி, ஆமிக்காரனுக்குத் தன்னைத் தெரிகிற தூரத்தில், வெயிலில், அந்த இழுத்த காலோடு நின்றுகொண்டிருப்பார். எத்தனை தரம் விரட்டினாலும் சிங்களத்தில் ஒரே பதில்: "அது நான் ஏற்றிவந்த ஹயர், மஹத்தயா. பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது."

அந்தக் காலைப் பற்றி ஜோசபின் அக்கா ஒரு நாள் சொன்னார். மெகாமிக்ஸ் முன்பு துறைமுகத்தில் வேலை செய்தவர். தொண்ணூற்றொன்றில், நத்தார்ப் பண்டிகைக்கு மண்டபத்தில் நடந்த டான்ஸில் சும்மா வேடிக்கை பார்க்கப் போனவர், நடுவில் இறங்கி ஆடினாராம். ஆடினால் சனம் ஒதுங்கி வட்டம் போட்டு நின்று பார்க்குமாம். அந்த வருசமும் அடுத்த வருசமும் அவருக்குத்தான் பரிசு. தொண்ணூற்றுமூன்றின் கடைசியில் ஒரு மரப்பெட்டி சங்கிலியிலிருந்து நழுவி அந்தக் காலில் விழுந்தது. "அதுக்குப் பொறகு வந்த பாட்டுக்கு அவரு ஆடல்ல. அதால அதெல்லாம் பாட்டே இல்ல அவருக்கு" என்றார் ஜோசபின் அக்கா. இதைக் கேட்டபிறகு நான் இரண்டு வாரம் ஒரு முறைப்பாடும் செய்யாமல் கோர்ட்டைச் சுற்றினேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

அன்று முக்கியமான ஒரு வழக்கின் கட்டு என் மடியில் இருந்தது. செக் பொயின்ட்டில் வழக்கமான ஆமிக்காரர்கள் மாறி, புதியவர்கள் நின்றார்கள். ஒருவன் டோர்ச்சை அடித்து எங்கள் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். பெட்டி. வயர்கள். சிவப்பு, மஞ்சள். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மேக்க மொகக்த?"

"ஸ்பீக்கர் எகக், மஹத்தயா" என்றார் மெகாமிக்ஸ் பெருமையோடு.

அவன் நம்பவில்லை. இரண்டடி பின்வாங்கி விசிலை ஊதினான். அடுத்த ஐந்து நிமிசத்தில் வீதி வெறிச்சோடியது. கடைகளின் கதவுகள் விழுந்தன. பஸ்ஸிலிருந்த சனத்தை இறக்கி ஓடச்சொன்னார்கள். எங்கள் மூவரையும் எதிர்ப்பக்கச் சுவரோடு உட்காரவைத்து, ஒருவன் துவக்கோடு காவல் நின்றான். நடுவீதியில் த்ரீவீலர் தனியாக நின்றது. பக்கத்தில் கைகளைத் தூக்கியபடி மெகாமிக்ஸ்.

பொறுப்பதிகாரி ஒருவர் வந்தார். குண்டு பார்க்கிற ஆட்கள் வரும்வரை காத்திருப்பது அல்லது தூரத்திலிருந்து பெட்டியை வெடிக்கவைப்பது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிங்களம் அரைகுறை. ஜோசபின் அக்காதான் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மஹத்தயா, ஒரு சுவிட்ச். ஒரேயொரு சுவிட்ச் போட விடுங்க" என்று மெகாமிக்ஸ் கெஞ்சினார். "பாட்டு வந்தால் ஸ்பீக்கர். வேறு ஏதாவது வந்தால், பக்கத்தில் நிற்கிறவன் நான்தானே."

அதிகாரி யோசித்தார். அந்த நியாயத்தில் அவருக்குப் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. தன்னுடைய ஆட்களை மண்மூட்டைகளுக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, போடு என்று கையைக் காட்டினார். பத்துத் துவக்குகள் மெகாமிக்ஸை நோக்கின.

மெகாமிக்ஸ் வண்டிக்குள் குனிந்தார். கிர்ர்ர்ர் என்று ஒரு சத்தம்.

"அது என்ன சத்தம்?" என்று அதிகாரி கத்தினார்.

"ரிவைண்ட் பண்றேன், மஹத்தயா!"

பாட்டை நடுவில் தொடங்குவது அவருடைய கொள்கைக்கு விரோதம். பத்துத் துவக்குக்கு முன்னாலும் கொள்கை கொள்கைதான். கசெட் தொடக்கத்துக்குப் போகும்வரை முழு ஜம்பட்டா வீதியும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. திலகம் டீச்சர் கந்தசஷ்டி சொன்னார். ஜோசபின் அக்கா ஜெபமாலையைப் பிடித்தார். நான் இரண்டு பக்கத்துக்கும் ஆமென் போட்டேன்.

டக். அவர் பட்டனை அழுத்தினார்.

முதலில் வந்தது ஒரு சைரன். அந்தக் காலத்து டான்ஸ் அல்பங்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அரைவாசிப் பாட்டு சைரனில்தான் தொடங்கும். மற்ற அரைவாசி எதில் தொடங்கும் என்பதும் தெரியும். இந்தப் பாட்டில் இரண்டும் இருந்தன. சைரனுக்குப் பின்னால், கிணற்றுக்குள் இருந்து பேசுவது போன்ற ஒரு முரட்டுக் குரல், ஆங்கிலத்தில், ஆறுதலாக எண்ணத் தொடங்கியது.

"டென்... நைன்... எய்ட்..."

ஒருவருமே அசையவில்லை. ஒரு கணம்தான். பிறகு அத்தனை பேரும் நிலத்தில். துவக்குகள் ஒரு பக்கம், தொப்பிகள் ஒரு பக்கம். அதிகாரி மண்மூட்டையைத் தாண்டிப் பாய்ந்தார்; அங்கே ஊத்தைத் தண்ணீர் ஓடுகிற கான் இருந்தது அவருக்கு ஞாபகம் வரவில்லை. எங்களுக்குக் காவல் நின்றவன் திலகம் டீச்சருக்குப் பின்னால் வந்து ஒளிந்தான். மெகாமிக்ஸ் மட்டும் கைகளைத் தூக்கியபடி, "பாட்டு, மஹத்தயா! இது பாட்டு! இப்ப வரும்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"த்ரீ... டூ... ஒன்..."

டும்!

தேயிலைப் பெட்டி தன் முழுப் பலத்தையும் காட்டியது. பூட்டிய கடைகளின் தகரக் கதவுகள் சேர்ந்து அதிர்ந்தன. அந்தப் பெண் தன் வழக்கமான முறைப்பாட்டை ஓங்கிப் பாடத் தொடங்கினாள். மண்மூட்டைகளுக்கு மேலே ஒவ்வொரு தலையாக எழுந்தது. எங்களுக்குப் பின்னால் இருந்தவன் முதலில் சிரித்தான். பிறகு இன்னொருவன். காலை முழுவதும் அந்த வீதியில் முகம் இறுகி நின்றவர்கள், சுவரோடு குந்தியிருந்த நாங்கள், பாதி திறந்த கதவுக்குள் நின்ற கடைக்காரர்கள், எல்லோரும் சிரித்தோம்.

சிரிக்காதவர் அதிகாரி ஒருவர்தான். அவர் கானுக்குள்ளிருந்து எழுந்து வந்தார். உடுப்பில் பச்சையாக இருக்கவேண்டியது எதுவும் பச்சையாக இல்லை. மெகாமிக்ஸையும் பெட்டியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்போதுதான் பயம் வந்தது. அந்த வருசங்களில் ஒரு தமிழனை ஜீப்பில் ஏற்றினால், எப்போது திரும்பி வருவான் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. நான் வழக்குக் கட்டையும் தூக்கிக்கொண்டு, ஜோசபின் அக்காவோடு லோயரிடம் ஓடினேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கறுப்புக் கோட்டைப் போட்டார்.

"என்னை ஒரு வருசமா காலமை காலமை காக்க வைச்ச அதே ஆளோ?"

"ஓம் சேர்."

"நட."

மெகாமிக்ஸைக் கொண்டுபோயிருந்த பொலிஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெரிய புத்தகத்தைத் திறந்து, யாரைத் தேடி வந்தீர்கள், நம மொகக்த என்று கேட்டார். லோயர் என்னைப் பார்த்தார். பெயர் எனக்குத் தெரியாது. ஜோசபின் அக்காவைப் பார்த்தேன். எந்த வீட்டில் என்ன கறி என்று தெரிந்த மனுசிக்கும் தெரியாது.

"மெகாமிக்ஸ்" என்றேன்.

அவர் எழுதத் தொடங்கி நிறுத்தினார். "அது முழுப் பெயரா?"

என் லோயர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "எழுதிக்கொள்ளுங்கள். என்னுடைய கட்சிக்காரர், மெகாமிக்ஸ்" என்றார்.

இரண்டு மணித்தியாலம் பேச்சுவார்த்தை நடந்தது. கானில் விழுந்ததற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று லோயர் திரும்பத் திரும்பப் பணிவாகக் கேட்டார். பின்னேரம் நாலு மணிக்கு மெகாமிக்ஸை விட்டார்கள். பெட்டியையும் கொடுத்தார்கள். ஆனால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஸ்பீக்கரின் கூம்பைக் கத்தியால் குறுக்காகக் கிழித்திருந்தார்கள். கசெட்டும் திரும்பி வரவில்லை.

அவர் கோபப்படவில்லை. கிழிசலை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார். "பரவாயில்ல மிஸ். ஆள் தப்பினதே பெரிசு" என்றார். குரலில் உயிர் இல்லை.

மறுநாள் முதல் வண்டி ஊமையாகிவிட்டது. நான் எட்டு மணிக்கு முன்னாலேயே கோர்ட் வாசலில் இறங்கினேன். பருப்பு பருப்பாகவும் சம்பல் சம்பலாகவும் இருந்தது. லோயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப எல்லாம் நேரத்துக்கு வாறாய்" என்றார், ஏதோ குறை சொல்கிறவர் மாதிரி. மெகாமிக்ஸின் பிடரி அசையவில்லை. கறுப்புக் கண்ணாடியையும் அவர் போடவில்லை. அப்போதுதான் தெரிந்தது, அவருக்குச் சின்னக் கண்கள், பயந்த கண்கள்.

ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள், மழைத் தூறல். ஜம்பட்டா வீதி திரும்பியதும் என் வலது பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு சத்தம்.

"டும்."

திரும்பிப் பார்த்தேன். திலகம் டீச்சர். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, வகுப்பில் வாய்ப்பாடு சொல்வதுபோல, "டும். டும். டும்" என்றார். ஜோசபின் அக்கா ஒரு கணம் வாயைப் பிளந்தார். பிறகு, "ட்ச், ட்ச், ட்ச்" என்று நடுவில் சேர்ந்துகொண்டார். எனக்கு மிச்சம் இருந்தது அந்தப் பெண்ணின் அழுகை ஒன்றுதான். கோயில் பாட்டுக்கே வாய் திறவாத நான் கண்ணை மூடிக்கொண்டு குரலெடுத்தேன். பக்கத்தில் போன பஸ்ஸிலிருந்து முழுச் சனமும் எட்டிப் பார்த்தது.

மெகாமிக்ஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பவில்லை. தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"டீச்சர்" என்றார் கடைசியில். "கொஞ்சம் ஸ்லோவா போகுது. இன்னும் வேகம் வேணும்."

அடுத்த நாள் லோயருடைய அலுமாரியிலிருந்து வழக்குக் கட்டுகளுக்கு உறை போடுகிற தடித்த தாள் இரண்டை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன். கேட்காமல் எடுத்ததுதான். லோயர் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். மெகாமிக்ஸ் அதை வெட்டி, ஸ்பீக்கரின் கிழிசலில் பசை போட்டு ஒட்டினார். அதன் பிறகு பேஸ் கொஞ்சம் கரகரத்தது, வயதான லோயர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாதாடுவது போல. ஆனாலும் பேஸ் பேஸ்தான்.

இரண்டு வருசம் கழித்து, கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் போனதுபோல, அவரும் இத்தாலிக்குப் போனார். அந்தப் பாட்டுகளெல்லாம் பிறந்த பக்கம்தானே என்று அவருக்கு ஒரே சந்தோசம். ஆறு மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. "மிஸ், இங்க ஒருத்தரும் அந்தப் பாட்டுக் கேக்கிறதில்ல. கேட்டா சிரிக்கிறாங்க. நா ஒரு வயசாளிய வீட்டுல பாத்துக்கிறேன். அவருக்குக் காது கேக்காது. ஆனா ஸ்பீக்கருக்குக் கிட்ட கதிரையப் போட்டு இருத்தினா, காலால தட்டுறாரு. நல்ல மனுசன்."

அதற்குப் பிறகு நான் எவ்வளவோ வண்டிகளில் போயிருக்கிறேன். குளிரூட்டிய கார்களில், சத்தமே இல்லாமல், சொன்ன நேரத்துக்குப் போய் இறங்கியிருக்கிறேன். ஒன்றில்கூட, அதற்குள் இடம் வந்துவிட்டதே என்று எனக்குக் கவலை வந்ததில்லை.